மனைவியின் வளவில் கட்டிய போறணை

1. வீடு பார்க்க வந்தவர்கள்

என் மூத்த மகள் ஷிபானாவுக்கு மாப்பிள்ளை பேசி, மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்றுதான் நான் ஒரு தொழில் நடத்துகிறேன் என்பது எனக்கே உறைத்தது. அதுவரை பாண் போட்டு விற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அதற்குத் தொழில் என்ற மரியாதை வந்தது.

சம்மந்தி ஆகப்போகிறவர் எல்லா அறைகளையும் பார்த்தார். சுவரைத் தட்டினார். குளியலறைப் பைப்பைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்த்தார். பிறகு பின்வளவுக்கு வந்தார். அங்கே என் பேக்கரி. பேக்கரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டில், மா பிசையும் மிசின் ஒன்று, தட்டு அடுக்கும் ராக்கைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் விறகு போட்டு எரிக்கும் செங்கல் அடுப்பு. அதைத்தான் நாங்கள் போறணை என்போம்.

"வீடு நல்லம் மச்சி," என்று என் மனைவி ஜெஸீமாவிடம் சொன்னார் அவர். "இந்தப் புகைக்கூண்ட எப்ப இடிப்பீங்க? என்ட மகனுக்குப் புகை ஒத்துவராது."

ஜெஸீமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கலியாணத்துக்கு முந்தி எடுத்திருவம் மச்சி. அது ஒரு வேலையா?"

அன்று அதிகாலையிலும் அந்தப் போறணையில் பாண் வெந்திருந்தது. மூன்று பாண் ஓட்டோக்கள் அதை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டபடி சாய்ந்தமருது, கல்முனை என்று சுற்றிக்கொண்டிருந்தன. எட்டு வீடுகள் அதை நம்பி அடுப்பு மூட்டின, என் வீட்டையும் சேர்த்தால் ஒன்பது. முற்றத்துக் கொடிக்கயிற்றை அவிழ்ப்பதைப் போல என் மனைவி அதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்குச் சம்மந்தியை அப்படியே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நான் பணிஸ் தட்டைத்தான் அவர் முன்னால் நீட்டினேன். இரண்டு சாப்பிட்டார். நல்ல பணிஸ் என்றும் சொன்னார்.

2. மூலதனம்

எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் நடந்தால் பெண் எங்கும் போவதில்லை, ஆண்தான் பெட்டியோடு போவான். பெண்ணுக்குப் பெற்றோர் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பான். அவனுக்குப் பெண் பிறந்து வளர்ந்தால் அந்த வீடு மகளுக்குப் போகும், அவன் மனைவியோடு வேறொரு சின்ன இடத்துக்கு நகர்வான். வாழ்நாள் முழுக்க வீடு கட்டுவதுதான் எங்கள் ஆண்களின் வேலை. கட்டியவன் பெயரில் ஒரு கோழிக்கூடும் இருக்காது.

நான் நிந்தவூர்க்காரன். கல்முனை பசாரில் ஒரு பேக்கரியில் மா பிசைந்துகொண்டிருந்தேன். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து வந்தபோது மாமியின் வளவில் பின்பக்கம் ஒரு துண்டு சும்மா கிடந்தது. வாடகை இல்லை, முற்பணம் இல்லை. மாமியிடம் கேட்டேன்.

"மாமி, பின்னுக்கு ஒரு போறணை கட்டட்டா?"

"கட்டுங்க மகன். கிணத்துக்குக் கிட்ட மட்டும் வேணாம்."

என் தொழிலின் திட்டமிடல் கூட்டம் இவ்வளவுதான். அந்த மண் முதலில் மாமியுடையது, பிறகு ஜெஸீமாவுடையது, கடைசியில் எனக்குப் பிறக்கப்போகும் மகளுடையது என்று எனக்குத் தெரியும். ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புது மாப்பிள்ளைக்கு அதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கப்போகிற காரியமாகத்தான் தோன்றும்.

போறணையைக் கட்டியவர் பாண்டிருப்புத் தவராசா. அன்று கட்டியவர் இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை, அதன் தலைமை வேலையாளும் அவர்தான். தளத்துக்கு அடியில் மணலும் உப்பும் உடைந்த போத்தல்களும் கொட்டினோம், சூடு நிற்பதற்கு. ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த வீடுகளெல்லாம் காலிச் சோடாப் போத்தல்களைக் கொடுத்தன. பதிலுக்குப் பெருநாளைக்கு முந்தின நாள் அந்த வீட்டுப் பெண்கள் கேக் தட்டுகளைக் கொண்டுவந்து வரிசையில் வைப்பார்கள். நான் வேகவைத்துக் கொடுப்பேன். எந்தத் தட்டு யாருடையது என்பதில் வருடம் ஒரு சண்டை நிச்சயம் வரும்.

3. போறணைக்கு இடம் தேடியது

சம்மந்தி போன பிறகு அஸர் தொழுதுவிட்டு வந்து ஜெஸீமாவிடம் நியாயம் கேட்டேன்.

"இஞ்ச, என்னட்ட ஒரு வார்த்த கேக்காம எப்புடிச் சொன்ன?"

"வீடு ஆர்ட?"

"ஒன்ட."

"என்ட உம்மா எனக்குத் தந்த. நான் என்ட மகளுக்குக் குடுக்கன். இதில ஒங்கட என்ன இரிக்கி?"

"போறணை இரிக்கி."

"அது நிக்கிற மண்?"

ஜெஸீமா சண்டை பிடிக்கவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். நல்ல இடத்துப் பையன், அரசாங்க உத்தியோகம், பெயர் றிஸான். ஒரு போறணைக்காகப் பிள்ளையின் கலியாணம் தவறிப் போனால் ஊர் எங்களைப் பார்த்துச் சிரிக்கும். அது எனக்கும் விளங்கியது. விளங்கியதற்காக வயிற்றெரிச்சல் குறைந்துவிடவில்லை.

இடம் தேடினேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்தால் அடுத்த வீட்டுக்காரர் இருமுவது கேட்கும், அங்கே போறணைக்கு எங்கே இடம்? மெயின் ரோட்டில் கடை கேட்டால் புகை என்றதும் கையை விரித்தார்கள். சம்மாந்துறைப் பக்கம் ஒருவர் வயல் காணி காட்டினார். வயலை மண் போட்டு மூட அனுமதி கிடைக்காது என்று அவரே சொன்னார். பிறகு எதற்குக் காட்டினீர்கள் என்று கேட்டேன். "சும்மா, வந்தீங்களே எண்டு," என்றார்.

தவராசாவிடம் போறணையைக் கழற்றி வேறிடத்தில் கட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன்.

"கழட்டினா செங்கல் வரும் முதலாளி, போறணை வராது," என்றார். "புதுசு கட்டினாலும் அது காஞ்சு பழக மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அடி கருகும், மேல வேகாது. அதுக்குள்ள ஆக்கள் வேற பாணுக்குப் பழகிருவாங்க."

"அப்ப என்ன செய்வம்?"

"புள்ளைட கலியாணத்த நல்லாச் செய்வம்," என்றார். அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள்.

எல்லோரும் கதைத்தோம், ஒருவர் மட்டும் கதைக்கவில்லை. ஷிபானா. ஏ.எல். கொமர்ஸ் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கேக் ஓடர்களை ஃபோனில் எடுப்பது அவள் வேலை. போறணையை இடிக்கப் போகிறோம் என்று சொன்னபோது, "சரி வாப்பா," என்றாள். எனக்கு அதுதான் கூடுதலாக வலித்தது. அந்தச் சூட்டில் வளர்ந்த பிள்ளை.

4. திங்கட்கிழமை

கலியாணத்துக்கு முந்தி இடிக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு வேலைக்குப் போறணை தேவை என்று சாட்டுச் சொல்லி இழுத்தேன். காவின் என்ற கலியாணப் பதிவை எழுதினார்கள், வீட்டு உறுதிப் பத்திரமும் ஷிபானாவின் பெயருக்கு மாறியது. கலியாணம் முடிந்து வந்த திங்கட்கிழமை இடிப்பதென்று முடிவாகி, சம்மந்தி தன் கண்ணால் பார்க்க நேரத்தோடே வந்துவிட்டார். மேசன் பாஸும் இரண்டு ஆட்களும் சுத்தியலோடு வந்தார்கள். நான் கிணற்றுக்கட்டில் இருந்தேன்.

ஷிபானா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.

"பாஸ், ஆர் ஒங்களுக்கு இடிக்கச் சொன்ன?"

மேசன் பாஸ் என்னைக் காட்டினார். நான் ஜெஸீமாவைப் பார்த்தேன். ஜெஸீமா சம்மந்தியைப் பார்த்தார்.

"இது என்ட வளவு பாஸ். நான் சொல்லல்லியே."

சம்மந்திக்கு முகம் சிவந்தது. "என்ன மகள் கதைக்கிறீங்க? இடிக்கிறதெண்டுதானே பேச்சு."

"மாமி, வீட்ட என்ட பேருக்கு எழுதோணும் எண்டு நீங்கதானே ஒத்தக் காலில நிண்டீங்க. எழுதியாச்சு. எழுதின வீட்டில ஒரு கல்லையும் எடுக்க வேணாம், இருக்கட்டும்."

"என்ட மகனுக்குப் புகை ஒத்துவராது."

எல்லோரும் மருமகனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாசலில் நின்று மீன் பணிஸ் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் நிறைய இருந்ததால் பதில் சுணங்கியது.

"எனக்கு ஒண்டும் செய்யல்ல உம்மா," என்றார். "நல்லாத்தான் இரிக்கி."

அவர் புகையைச் சொன்னாரா, பணிஸைச் சொன்னாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. மேசன் பாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். என் கண் நிறைந்துவிட்டது. மகளின் தலையைத் தடவி அல்ஹம்துலில்லாஹ் என்றேன். என் போறணை தப்பியது என்று அன்று முழுக்கத் தவராசாவோடு சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

5. உதவி

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் போனேன். ஷிபானா கொட்டிலுக்குள் கதிரை போட்டு இருந்தாள்.

"வாப்பா, இண்டையில இருந்து நான் பாக்கன்."

"நல்லம் மகள். எனக்கும் ஒரு உதவியா இரிக்கும்."

"உதவி இல்ல வாப்பா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பேக்கரி இனி என்ட. நீங்க மாவும் போறணையும் பாருங்க. ஒங்களப் போல ஆருக்கும் ஏலா. மாசம் பிறந்தா சம்பளம் தாறன்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. தவராசா தலையைக் குனிந்து மா சலித்துக்கொண்டிருந்தார். காலையிலேயே அவருக்குச் சொல்லியாகிவிட்டது போலும். சற்று நேரம் கழித்து என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"முதலாளி, இனி உங்கள என்னெண்டு கூப்பிடுற?"

"காக்கா எண்டு கூப்பிடுங்க," என்றேன். எங்கள் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சரி காக்கா," என்றார். ஒரே நாளில் பழகிவிட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. சின்ன மகள் ஸுமையாவுக்காக ஒழுங்கையின் மறுபக்கம் கட்டிய சின்ன வீட்டில், நாங்கள் அப்போது குடிபோயிருந்த வீட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பெற்ற பிள்ளை என்னைக் கூலிக்காரன் ஆக்கிவிட்டாள் என்று ஜெஸீமாவிடம் சொன்னேன். "நீங்க எண்டைக்கு முதலாளியா இருந்தீங்க?" என்று அவர் கேட்டார். அவர் அதை இளக்காரமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நாலாம் நாள் ஒழுங்கை முனையில் பாண் ஓட்டோவை மறித்து ஒரு றாத்தல் பாண் வாங்கிப் பிய்த்துப் பார்த்தேன். நடுவில் ஈரம். சூடு இறங்கிய பிறகு தட்டைப் போட்டிருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்க முடியவில்லை. போய் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாவில் கை வைத்தேன். ஷிபானாவிடமிருந்து ஒரு பிளேன்ரீ வந்தது.

அவள் செய்ததெல்லாம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பாணைக் குறைத்து, கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டிகளுக்குக் குட்டிப் பணிஸ் போட்டாள். ஓட்டோக்களின் பாட்டை மாற்றினாள். ஒழுங்கைப் பெண்கள் நாலு பேரைப் பொதி கட்ட வைத்தாள். இது நடக்காது மகள் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். ஒவ்வொன்றும் நடந்தது. நான் வேண்டாம் என்று சொன்னால் அது ஓடும் என்று தவராசா ஒரு கணக்கு வைத்திருந்தார். என்னிடம் வந்து, "காக்கா, இதப்பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் திருப்தியாகப் போவார்.

பிறகு நாட்டில் சமையல் கேஸ் இல்லாமல் போன காலம் வந்தது. பெரிய பேக்கரிகள் கேஸ் அடுப்போடு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. விறகுப் போறணை வைத்திருந்த நாங்கள் கிடைத்த மாவுக்குப் பாண் போட்டோம். ஒழுங்கை முழுக்க வரிசை. அந்த வரிசையை மேற்பார்வை செய்தவர் என் சம்மந்தி. வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "இடிக்கத்தான் பாத்தாங்க. நான்தான் விடல்ல."

6. வளவாளர்

அதன் பிறகு ஷிபானாவின் பேக்கரிக்கு ஒரு பாராட்டும், இளைஞர்களுக்கான தொழில்முனைவோர் பயிற்சிப் பட்டறையில் பேச அழைப்பும் வந்தன. அவளுக்கு நேரமில்லை. "வாப்பா, நீங்க போங்க. நீங்கதானே தொடங்கின," என்றாள். சேர்ட்டை அயன் பண்ணியும் தந்தாள்.

கல்முனையில் குளிரூட்டிய மண்டபம். என்னை வளவாளர், அதாவது பாடம் சொல்ல வந்தவர், என்று அறிமுகப்படுத்தினார்கள். சுவரில் படம் போட்டு, வெற்றி பெறும் தொழில்முனைவருக்குத் தூரநோக்கு, துணிவு, சந்தை ஆய்வு எல்லாம் வேண்டும் என்று ஒரு தம்பி அழகாக விளக்கினார். பிறகு ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

"கேஸ் தட்டுப்பாடு வரும் எண்டு முன்கூட்டியே எப்படி சேர் கணிச்சீங்க?"

"கணிக்கல்ல தம்பி. கேஸ் அடுப்பு வாங்க வசதி இருக்கல்ல."

சிரித்தார்கள். அடக்கமான மனிதர் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, தொழில் தொடங்க முதல் படி என்ன என்று கேட்டாள். "கலியாணம்," என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. அங்கே ஒரு ஆளுக்கும் விளங்கவில்லை, நானும் விளக்கப்படுத்தவில்லை. தந்த கேடயத்தைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தேன். அது அவளுடையதுதான்.

7. வாங்குபவர் பெயர்

ஆனால் மனதுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. சாவதற்கு முன் என் சொந்த மண்ணில் ஒரு போறணை. எனக்குச் சொந்தமான ஒன்று. யாரும் வந்து எப்போது இடிப்பீர்கள் என்று கேட்க முடியாத ஒன்று.

மாளிகைக்காட்டுப் பக்கம் ரோட்டோரமாக ஒரு சின்னத் துண்டு விலைக்கு வந்தது. என் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது போதவில்லை. ஜெஸீமா கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த முற ஒங்கட பேர்ல எழுதுங்க," என்றார். "என்ட பேரும் வேணா, புள்ளயள்ட பேரும் வேணா. அண்டைக்கு நான் கேட்ட கேள்விய இன்னொரு ஆள் ஒங்களட்டக் கேக்கப்படாது."

ஒங்கட என்ன இரிக்கி என்ற அந்த வார்த்தை இத்தனை வருடமாக அவர் மனதிலும் கிடந்திருக்கிறது.

அந்தக் கிழமைதான் ஸுமையாவுக்கும் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா நேரே கேட்டார்: "மூத்த மகளுக்கு வீட்டோட பேக்கரியும் குடுத்திரிக்கீங்க. இந்த மகளுக்கு?" முதல் சம்மந்தி இடிக்கச் சொன்னார், இரண்டாவது சம்மந்தி எழுதச் சொல்கிறார். தொழிலில் நான் முன்னேறியதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. பேக்கரி தர மாட்டேன், வீடு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை நல்ல பையன், எனக்கு வீடே போதும் என்று தன் வாப்பாவிடம் சொல்லிவிட்டான். பேச்சு சுமுகமாக முடிந்தது. வீட்டைத் தவிர யாருக்கும் நான் ஒன்றும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

காணி உறுதி எழுத நொத்தாரிசிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"வாங்குறவர்ட முழுப் பேர் சொல்லுங்க."

போகும் வழியெல்லாம் ஓட்டோவுக்குள் என் பெயரை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன். மூத்தவளுக்கு ஒரு போறணை இருக்கிறது, இளையவளுக்கு இல்லையே என்று ஒரு நினைவு வந்தது. வாயில் வந்த பெயர் ஸுமையாவுடையது. நொத்தாரிசு எழுதினார். ஜெஸீமா என்னைப் பார்த்தார். நான் மேசை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் ஒன்றுதான். தொழில் தொடங்குமுன், காலடியில் இருக்கும் மண் யாருடையது என்று பாருங்கள். நான் இரண்டு தடவையும் பார்த்தேன். இரண்டு தடவையும் தெரிந்துகொண்டுதான் காரியத்தில் இறங்கினேன். என்னைப் போலச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். உங்களுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் என்ன சொல்லியும் பயனில்லை.

திரும்பி வந்ததும் ஜெஸீமா ஓட்டோவிலிருந்து வீட்டு வாசலில் இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு யாவாரம் தெரியா," என்றார்.

"ஓம்," என்றேன்.